மாட்டு டொக்டருக்கு ஒரு பிரதட்டை

எங்கள் ஊரில் நேர்த்தி வைப்பவர் ஒருவர், அதைச் செய்து முடிப்பவர் இன்னொருவர். இதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. சின்ன வயதில் எனக்கு அம்மாள் வருத்தம், அம்மை, வந்தபோது நேர்த்தி வைத்தது பெரியம்மா. மொட்டை விழுந்தது எனக்கு. அந்தத் தவணை முழுக்க நான் பள்ளிக்கூடத்துக்குத் தொப்பி போட்டுக்கொண்டு போனேன். பெரியம்மாவுக்கு அப்போது இடுப்புக்குக் கீழே கூந்தல். அதில் ஒரு மயிர் குறையவில்லை.

ஆகவே, நான் உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் அம்மா எங்கள் முருகன் கோயிலுக்குப் போய், "என்ரை பிள்ளைக்கு மெடிசின் கிடைச்சால் அவளின்ரை தேப்பன் உன்ரை வெளிவீதியிலை பிரதட்டை பண்ணுவார்" என்று சொல்லிவிட்டு வந்தது எங்கள் வழக்கப்படி முறையான காரியம்தான். பிரதட்டை என்றால் ஈர வேட்டியோடு, தலைக்கு மேலே நீட்டிய கைகளில் தேங்காயைப் பிடித்துக்கொண்டு, கோயிலைச் சுற்றியுள்ள மணல் வீதியில் உடம்பால் உருண்டு வருவது. இப்படி ஒரு ஏற்பாடு நடந்திருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியாது.

அப்பா கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். நிதானமான மனிதர். கடவுள் விஷயத்தில் அவருக்குத் தனிக் கருத்து எதுவும் இருக்கவில்லை. இருந்தால் இருந்திட்டுப் போகட்டும் என்பது அவர் நிலை. அவருக்கு உலகத்தில் ஒரேயொரு பயம்தான், தலைச்சுத்து. பஸ்ஸில் முன் சீற் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். மடியில் எப்போதும் முகர்ந்து பார்க்க ஒரு எலுமிச்சை, எங்கள் தேசிக்காய், இருக்கும். திருவிழாவில் ராட்டினம் சுற்றுகிற பக்கம் முகத்தைத் திருப்பவே மாட்டார். சின்னப் பிள்ளைகள் ஊஞ்சலில் ஆடினால் அவருக்கு வாயில் உமிழ்நீர் ஊறும். அம்மாவுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். கலியாணம் முடித்து இருபது வருடத்துக்கு மேல்.

றிசல்ட்ஸ் வந்தது. எங்கள் ஊர் தெல்லிப்பழைக்குக் கொஞ்சம் வடக்கே. நான் படித்தது உடுவிலில். பள்ளிக்கூடத்தில் மார்க்ஸைப் பார்த்துவிட்டுச் சைக்கிளில் வீட்டுக்கு வந்து சேர முன்னமே செய்தி வந்து சேர்ந்துவிட்டது.

"இஞ்சேருங்கோ, பிள்ளைக்கு மெடிசினுக்கு மார்க்ஸ் காணுமாம்," என்றார் அம்மா.

அப்பா எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். கண் கலங்கிவிட்டது. சங்கக்கடையில் எல்லாருக்கும் கற்கண்டு கொடுக்க வேண்டும் என்றார். அம்மா அவரை அந்தச் சந்தோஷத்தில் கொஞ்ச நேரம் இருக்க விட்டார். பிறகு, "இன்னொரு விஷயமும் கிடக்கு," என்று சொல்லி நேர்த்தியைச் சொன்னார். அப்பா கதிரையைத் தேடி உட்கார்ந்தார்.

"எத்தினை சுத்து?"

"ஒண்டுதான்."

"உள்வீதியோ, வெளிவீதியோ?"

"வெளிவீதி."

"உள்வீதி எண்டு சொல்ல உனக்கு வாய் வரேல்லையோ?"

"மெடிசினுக்கு உள்வீதி காணாது," என்றார் அம்மா.

அது உண்மைதான். எங்கள் பக்கத்தில் படிப்புகளுக்கு ஒரு வரிசை இருந்தது. முதலில் மெடிசினும் எஞ்சினியரிங்கும். அதற்குப் பிறகு நீண்ட வெளி. அந்த வெளிக்கு அப்பால் மற்றதெல்லாம். கம்பஸ்களுக்கும், அதாவது பல்கலைக்கழகங்களுக்கும், ஒரு வரிசை. கொழும்பு முதல், கண்டிப் பக்கம் அடுத்தது. யாழ்ப்பாணத்திலேயே இருந்தது வீட்டுச் சாப்பாடு மாதிரி. நல்லதுதான், ஆனால் நாலு பேருக்குச் சொல்லிக்கொள்ள முடியாது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகாவது இந்த வரிசை மாறியிருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். கொழும்பில் எல்லாவற்றையும் பறிகொடுத்து, உடுத்த துணியோடு கப்பலில் வந்து இறங்கியவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே நாலைந்து வீடு தள்ளி இருந்தார்கள். அவர்களும் வந்து வாழ்த்தினார்கள். "கொழும்பு மெடிசின் எண்டால் விடக்கூடாது, பிள்ளை," என்றார்கள்.

எருமை வாங்க முன்னம் நெய்க்கு விலை பேசுகிறதில் எங்கள் ஊரை யாரும் வெல்ல முடியாது. சந்தையில் அம்மாவை "டொக்டரின்ரை அம்மா" என்று கூப்பிட்டார்கள். கத்தரிக்காய் நல்லதாகப் பொறுக்கிப் போட்டார்கள். கோயிலில் அம்மாவுக்கு முன்வரிசையில் இடம் விட்டார்கள். பக்கத்து வளவில் இருந்த பெரியம்மா தன் வலது முழங்காலை எனக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டார். "இப்ப ஏன் கண்ட கண்ட ஆக்களிட்டைக் காட்டுவான்? நீ முடிச்சிட்டு வா, உன்னட்டையே காட்டுறன்," என்றார். அந்த முழங்கால் அப்போதே வீங்கித்தான் இருந்தது.

இந்த நிலையில்தான் ஒருநாள் மத்தியானம் சோறு சாப்பிடும்போது நான் சொன்னேன்: "கண்டிப் பக்கத்துக் கம்பஸிலை மிருக வைத்தியம் இருக்கு. நான் அதைத்தான் முதலாவதாப் போடப்போறன்."

அம்மா அகப்பையைப் பிடித்தபடி சிரித்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அகப்பை சட்டிக்குள் திரும்பிப் போனது.

விஷயம் இதுதான். விண்ணப்பத்தில் எந்தப் படிப்பு வேண்டும் என்று வரிசைப்படி நாங்கள்தான் எழுத வேண்டும். மெடிசினுக்குக் காணுகிற மார்க்ஸ் மாட்டுக்குத் தாராளமாகக் காணும். எதை முதலில் எழுதுகிறேனோ அது வரும். மார்க்ஸ் காணாமல் மாட்டுக்குப் போனவர்கள் எங்கள் பக்கத்தில் ஒன்றிரண்டு பேர் இருந்தார்கள். அவர்களைப் பற்றிப் பரிதாபமாகக் கதைப்பார்கள். மெடிசினுக்கு மார்க்ஸ் இருந்தும், தெரிந்தே மாட்டுக்குப் போனவர் யாரும் இருக்கவில்லை.

"உனக்கென்ன விசரே?" என்றார் அம்மா. "சினை ஊசி போட வாற மாட்டு டொக்டர் என்ன செய்யிறவர் எண்டு நீ பாத்தனிதானே? தோள்மட்டுக்கும் கையை விட்டு... சிவ சிவா! ஒரு குமர்ப்பிள்ளை செய்யிற வேலையோ அது? நாளைக்கு ஒருத்தர் பொம்பிளை பாக்க வந்தால் நான் என்னத்தைச் சொல்ல?"

"கை கழுவிப்போட்டுத்தான் வருவாள் எண்டு சொல்லுங்கோ."

"பாத்தியளே இவளின்ரை வாயை! சாமி வரம் குடுத்தாலும் பூசாரி இடம் குடான் எண்டுறது சரியாய்ப் போச்சு. இஞ்சை பூசாரி இவள்தான்."

சத்தம் கேட்டுப் பெரியம்மா வேலியில் விட்டிருந்த பொட்டுக்குள்ளால் புகுந்து வந்து, விஷயத்தைக் கேட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப இது?" என்றார், முழங்காலைக் காட்டி. அப்பா மட்டும் மோரை ஊற்றிப் பிசைந்தார். அவர் முகத்தில் நான் அதுவரை காணாத ஒரு தெளிவு தெரிந்தது.

எனக்கு ஏன் மெடிசின் வேண்டாம் என்பதை நான் ஒருவருக்கும் சரியாகச் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் ஏச்சு விழுந்திருக்கும். மனிதர்கள் தங்கள் நோய் வருத்தத்தைச் சொல்லத் தொடங்கினால் எனக்குக் காது எரியும். இரத்தம், மலம், சீழ் எதுவும் எனக்கு ஒன்றும் செய்யாது. கதைதான் தாங்காது. பெரியம்மாவோடு வளர்ந்தவளுக்கு வேறு எப்படி இருக்கும்?

ஆனாலும் ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். "டொக்டர்" என்று ஒருவர் கூப்பிட, நான் திரும்பிப் பார்க்காமல் நடந்துபோவதை நான் எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். திரும்பிப் பார்க்காமல் போவதுதான் அதில் எனக்குப் பிடித்த இடம். அது நல்ல அறிகுறி அல்ல என்று பிறகு பட்டது. நினைத்து நினைத்து நித்திரை கெட்டதால், ஒருதரம் நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று பெரியம்மாவைச் சமாதானப்படுத்தி முழங்காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பார்க்கப் போனது முழங்காலை அல்ல, டொக்டரை.

சனம் வாசல் வரைக்கும் நின்றது. எங்கள் முறை வந்ததும் பெரியம்மா முழங்காலில் தொடங்கினார். அங்கிருந்து இடுப்புக்கு, நாரிக்குப் போனார். நாரியிலிருந்து, அந்த நாரி பிடித்த அன்று வீட்டில் என்ன கறி என்பதற்குப் போனார். மூத்த மகனின் சம்பந்தம் குழம்பிய கதையில் வந்து முடித்தார். அந்த டொக்டர் இளம் ஆள். ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. சம்பந்தம் குழம்பியது என்ற இடத்தில், "அச்சச்சோ, பிறகு?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தக் குணம் எனக்கு ஏழு பிறப்பிலும் வராது என்று அந்த இடத்தில் தெரிந்துவிட்டது. மார்க்ஸ் என்னிடம் இருந்தது; "பிறகு" என்ற அந்தச் சொல் என்னிடம் இல்லை.

மாடு வேறு. அந்த மாரியில் எங்கள் மாடு தீன் எடுக்காமல் நின்றது. வீட்டில் கண்ணூறு, நாவூறு என்றார்கள், தடவிப் பார்த்தார்கள், மிளகாய் சுட்டார்கள். நான் கொட்டிலுக்குள் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். வைக்கோலை வாயில் எடுக்கிறது, ஒரு பக்கமாகத் தள்ளுகிறது, விழுத்திவிடுகிறது, திரும்ப எடுக்கிறது. வாயைப் பிளந்து கையை விட்டேன். கடைவாய்ப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு பனஞ்சிராய் குத்தி நின்றது. இழுத்து எடுத்தேன். மாடு எனக்கு நன்றி சொல்லவில்லை, தன் பழைய சிராய்களைப் பற்றிச் சொல்லவில்லை. வைக்கோலைத் தின்றது. என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

இனி அப்பா. வீட்டில் எனக்காகக் கதைத்த ஒரே ஆள் அப்பா. "பிள்ளைக்கு விருப்பமானதைப் படிக்கட்டும்," என்றார். "மாடும் ஒரு சீவன்தானே," என்றார். "எல்லாரும் டொக்டரானால் ஆர் நோயாளியாய் இருக்கிறது?" என்றுகூட ஒருநாள் கேட்டார். இவ்வளவு உற்சாகமாக அவர் எதற்கும் வாதாடி நான் கேட்டதில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் நான் மனதுக்குள் வைத்திருக்கிற ஆள் இல்லை. கிணற்றடியில் வைத்துக் கேட்டேன்.

"அப்பா, நீங்கள் எனக்காகக் கதைக்கிறியளோ, உருளப் பயத்திலை கதைக்கிறியளோ?"

அப்பா வாளியை வைத்துவிட்டு யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"ரெண்டும்தான், பிள்ளை."

"எது கூட?"

"உருளுறதை நினைச்சால் அதுதான் கூட. உன்னை நினைச்சால் நீதான் கூட. மாறி மாறி வருது," என்றார். அதைச் சொல்லும்போதே அவருக்குக் கொஞ்சம் தலை சுற்றியிருக்க வேண்டும், கிணற்றுத் துலாவின் காலைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அவர் சொன்ன பதில் பிடித்திருந்தது.

விண்ணப்பத்தை நான் ஒளித்து எழுதவில்லை. குசினி வாசலில் உட்கார்ந்து, அம்மா காய் நறுக்கிக்கொண்டிருக்க, வாய்விட்டு வாசித்து வாசித்து எழுதினேன். முதலாவது மிருக வைத்தியம். இரண்டாவது கொழும்பு மெடிசின். அம்மா பயிற்றங்காயை வழமையிலும் பார்க்கச் சின்னதாக நறுக்கினார்.

அன்றிலிருந்து அம்மா என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் மாட்டுக்குச் சொன்னார். காலையில் பால் கறக்கும்போது நான் கேட்கும்படியாக, "உனக்கென்னடி குறை? சொந்த டொக்டர் வரப்போறா உனக்கு. முருகன் கையிலை தந்ததைத் தட்டிவிட்டிட்டு உன்னை நம்பியெல்லே படிக்கப் போறா," என்பார். "சாப்பாடு மூடிக் கிடக்கு எண்டு சொல்லடி அவவுக்கு," என்பார். மாடு பதில் சொல்லவில்லை. அதனுடைய அந்தக் குணத்தைப் பற்றி நான் முதலே சொல்லியிருக்கிறேன். ஊருக்குள் கதை போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. சந்தையில் கத்தரிக்காய் பழையபடி வந்தது. கோயிலில் அம்மா தானாகவே பின்வரிசைக்குப் போனார். அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு வலித்தது. ஆனாலும் மாற்றி எழுதுகிறேன் என்று நான் சொல்லவில்லை.

ஆனி மாதம் கடிதம் வந்தது. மிருக வைத்தியத்துக்கு எடுபட்டுவிட்டேன். அன்றைக்கே அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு, என்னையும் வரும்படி மாட்டிடம் சொல்லிவிட்டு, கோயில் ஐயரிடம் போனார். நேர்த்தி இனி நிற்கிறதா, இல்லையா? அதற்கு ஒரு முடிவு தெரிய வேண்டும்.

ஐயர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "நேர்த்தி வைக்கேக்கை என்ன சொன்னனீங்கள்?"

"மெடிசின் கிடைச்சால் எண்டு."

"கிடைச்சுதோ?"

"போட்டிருந்தால் கிடைச்சிருக்கும்."

"கிடைச்சுதோ?"

"இல்லை."

"அப்ப கடன் இல்லை, அம்மா," என்று கண்ணைத் திறந்தார் ஐயர். அப்பா அன்று மூலஸ்தானத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்று கும்பிட்டார். அவர் அவ்வளவு பக்தியாகக் கும்பிட்டு நான் அதற்கு முன் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேரே சாமி அறைக்குப் போனார். விளக்கு வைத்துவிட்டு வந்து அப்பாவுக்கு முன்னால் நின்றார்.

"ஐயர் சொன்னது கோட்டிலை வழக்காடுற கதை. முருகன் தரவேண்டியதைத் தந்திட்டார். வேண்டாம் எண்டது நாங்கள். நீங்கள் கடை நடத்துற ஆள்தானே, சொல்லுங்கோ. கேட்ட சாமானை நிறுத்துக் கட்டி வைச்ச பிறகு வேண்டாமெண்டால் விடுவியளோ?"

"விட்டிடுவன்," என்றார் அப்பா உடனே.

"முருகன் விடமாட்டார்."

"அம்மா, இது சும்மா கோபத்திலை கதைக்கிற கதை," என்றேன் நான்.

அம்மா என் பக்கம் திரும்பினார். மாட்டின் பக்கம் அல்ல, என் பக்கம். "கோபம்தான். கோபம் இல்லையெண்டு ஆர் சொன்னது? ஆனால் இது பயமடி. எனக்குப் பயமாக் கிடக்கு. றெயில் ஒருநாள் ஓடுது, ஒருநாள் ஓடாது. பஸ்ஸை எங்கை மறிப்பாங்கள், ஆரை இறக்குவாங்கள் எண்டு தெரியாது. நீ அந்த றோட்டாலை வவுனியா தாண்டிப் போகோணும், அங்கை போய் இருக்கோணும். முருகனிட்டைக் கடனை வைச்சுக்கொண்டு உன்னை நான் அந்த றோட்டிலை விடமாட்டன்."

"கொழும்பு மெடிசினுக்கெண்டால் அதே றோட்டாலை விட்டிருப்பியள்தானே?"

"விட்டிருப்பன். அப்ப கொப்பர் உருண்டு கடன் தீந்திருக்கும்."

கம்பஸிலும் பிறகு எத்தனையோ பேரின் தர்க்கத்தைக் கேட்டேன், இப்படி ஒன்று கேட்கவில்லை. "அப்ப நான் அடியழிக்கிறன்," என்றேன். அடியழிப்பது பெண்கள் செய்வது: விழுந்து கும்பிட்டு எழுந்து, ஒரு அடி வைத்து, மறுபடி விழுந்து, அப்படியே வீதியைச் சுற்றி வருவது. அம்மா தலையை ஆட்டினார். "நேந்தது உனக்கில்லை." அவ்வளவுதான் பேச்சு.

கோயிலில் கொடி ஏறியது. நான் போக வேண்டிய நாளும் கிட்ட வந்தது. சூட்கேஸ் பாதி அடுக்கினபடி அறைக்குள் திறந்து கிடந்தது. நான் ஒரு சட்டையை மடித்து வைப்பேன். அம்மா வந்து அதை எடுத்துக் கொடியில் போடுவார். திரும்ப மடித்து வைப்பேன். கோபத்தில் ஒருநாள் சூட்கேஸைக் காலால் உதைத்தேன், பெருவிரல் நகம் பிய்ந்தது. அம்மா மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்து பூசிவிட்டு, ஏச்சை மாட்டிடம் போய்ச் சொன்னார். அவரிடம் அனுமதி வாங்காமல் ஓடிப்போகலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். மஞ்சள் பூசிய விரலோடு அப்படி நினைக்கவும் முடியவில்லை. அப்பா யாருடைய முகத்தையும் பாராமல் சங்கக்கடைக்குப் போய் வந்தார். ஐயர் விடுதலை கொடுத்துவிட்ட ஆள் அவர். அவரை இனி யாரும் ஒன்றும் கேட்க முடியாது.

தேரன்று விடிய, கிணற்றடியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தால் அப்பா வேட்டியோடு முழுகிக்கொண்டு நின்றார். பக்கத்தில் கிணற்றுக் கட்டின் மேல் ஒரு தேங்காய்.

"அப்பா, ஐயர்தான் கடன் இல்லையெண்டு சொல்லிப்போட்டாரே."

"ஐயருக்குக் கடன் இல்லை," என்றார் அப்பா. "கொம்மாவுக்குக் கிடக்கு. போய்ச் சேலையை மாத்திக்கொண்டு வா. பிரதட்டைக்குத் தள்ள ஆள் வேணும்."

கிழக்கு வாசலில் தேங்காயைக் கையில் கொடுத்துக் குப்புறப் படுக்கவைத்தார்கள். முருகா என்று ஒரு குரல் வந்தது. அது அம்மாவின் குரல். அப்பா உருளத் தொடங்கினார். எங்கள் அப்பா கொஞ்சம் வயிறு உள்ள ஆள், அதனால் நேராக உருளவில்லை, ஒரு பக்கமாக வேலியோர வாய்க்காலுக்குப் போனார். நான் தோளைத் தள்ளினேன். அம்மா காலடியில் நின்று வேட்டியைப் பிடித்து நேராக்கினார். "தள்ளு பிள்ளை, அப்பா வாய்க்காலுக்கை போறார்!" என்று கத்தினார். அன்றிலிருந்து மாட்டுக்கு வேலை இல்லாமல் போனது.

தெற்கு வீதி முடியுமட்டும் சமாளித்தார். அங்கே கச்சான் கடலை விற்கிறவர்களுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், விஷயம் தெரியாதவர், "மனேச்சர், மகள் மெடிசினோ?" என்று கேட்டார். அப்பாவின் முகம் மேலே வந்த நேரம் அவர் சொன்னார்: "இல்லை, மாடு." பிறகு முகம் கீழே போய்விட்டது.

மேற்கு வீதியில் சத்தி எடுத்தார். உருளுவதை நிறுத்தி, தலையை ஒரு பக்கம் திருப்பி, ஒழுங்காக வாந்தி எடுத்தார். அம்மா மணலைத் தள்ளி மூடிவிட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்துவிட்டார். அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "காணும். எழும்புங்கோ. முருகன் பாத்திட்டார். எனக்குக் காணும்."

அப்பாவின் கண் இரண்டும் வேறு வேறு பக்கம் பார்த்தன. "வெளிவீதி எண்டெல்லே சொன்னனி," என்றார். "வடக்கு வீதி கிடக்கு. தள்ளு பிள்ளை."

கிழக்கு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அவர் உடம்பு முழுக்க மணல். எழும்ப முடியாமல் கோபுரத்தைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்தார். கோபுரம் சுற்றுகிறது என்று சொன்னார்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது," என்றார் அம்மா.

"அப்ப பிள்ளை போகலாம்," என்றார் அப்பா. அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

அம்மா சேலைத் தலைப்பால் அவர் காதுக்குள் இருந்த மணலைத் துடைத்தார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். அத்தனை சனத்துக்கும் முன்னால் அழுகிறோமே என்று ஆத்திரமும் வந்தது. அம்மா எழுந்து கோபுரத்துக்கு நேரே கையைக் கூப்பினார். நல்ல சத்தமாக, "முருகா, இவள் மாட்டைப் படிக்கட்டும், எருமையைப் படிக்கட்டும். உயிரோடை எனக்குத் திரும்பி வந்தாளெண்டால்..." என்று தொடங்கினார்.

மணலில் கிடந்த அப்பாவின் கை மேலே எழும்பியது.

"இஞ்சேர். இந்த முறை நீ."

"ஓம், நான்தான்," என்றார் அம்மா. "நானே அடியழிக்கிறன்."

நாலு வருடப் படிப்பு இழுபட்டு ஆறு வருடத்துக்கு மேல் போனது. கம்பஸ் பூட்டினார்கள், திறந்தார்கள், மறுபடி பூட்டினார்கள். றோட்டுகளும் அப்படித்தான். நான் படிப்பை முடித்துக்கொண்டு கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் கடந்து வந்து இறங்கியபோது, வீடு என்று போக எங்கள் ஊர் இல்லை. ஆமி வந்து முகாம் போட்டு இருந்துவிட்டது, சனம் முழுக்க வெளியே. கோயிலும் உள்ளே மாட்டிக்கொண்டது. அப்பா, அம்மா, பெரியம்மா மூன்று பேரும் உடுவிலில் தெரிந்த ஒருவரின் வளவுக்குள் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தார்கள். மாட்டை வழியில் விற்றுவிட்டார்கள். என்னைக் கண்டதும் பெரியம்மா முழங்காலை நீட்டினார். "மாட்டு டொக்டர் எண்டாலும் முழங்கால் முழங்கால்தானே, பிள்ளை," என்றார். அம்மா என் இரண்டு கைகளையும் தோளிலிருந்து விரல் வரைக்கும் தடவிப் பார்த்தார். பிறகு தேத்தண்ணி வைக்கப் போனார்.

அடுத்த நாள் விடிய எழும்பினால் கொட்டிலில் பெரியம்மாவைத் தவிர ஒருவரும் இல்லை. வெளியே வந்தேன். வளவைச் சுற்றிப் போகிற மணல் ஒழுங்கையில் அம்மா ஈரச் சேலையோடு விழுந்து கிடந்தார். எழும்பினார், ஒரு அடி வைத்தார், மறுபடி விழுந்தார். அப்பா பக்கத்தில் தடியை ஊன்றிக்கொண்டு நடந்தார்.

"அம்மா, கோயில் இல்லாமல் எப்பிடி?" என்று கேட்டேன்.

"கோயிலுக்கு விடாதது அவங்கள். கடன் என்னுடையது," என்றார் அம்மா நிலத்திலிருந்து.

நான் தோளைப் பிடிக்கக் குனிந்தேன். "இதுக்குத் தள்ளத் தேவையில்லை, பிள்ளை," என்றார் அப்பா. "சும்மா பக்கத்திலை நட." நடந்தேன்.

ஒழுங்கை முடக்கில் விறகோடு வந்த ஒரு மனுசி ஒதுங்கி நின்றார். "என்ன நேர்த்தி, அம்மா? மகளுக்கு உத்தியோகமோ?"

அம்மா எழும்பினார். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் மணல்.

"இல்லை," என்றார். "மகள் வந்திட்டாள்."

சொல்லிவிட்டு அடுத்த அடியை வைத்து மறுபடி விழுந்தார்.